இஞ்சினின் பெயர் நம்முடையது, இஞ்சின் யாருடையது?

கொடைரோடு நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் இன்று மின்சார இஞ்சினைக் காண்கிறார்கள். மீட்டர் பாதை இருந்த நாளில் இவ்வழியே பாண்டியன் எக்ஸ்பிரஸை இழுத்துச் சென்ற டீசல் இஞ்சினை நமது ஊர்ப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு நமது ரயில்வே இட்ட பெயர் ஒய்.டி.எம்.4. அதை வடிவமைத்த அமெரிக்க அல்கோ கம்பெனி இட்ட பெயர் டி.எல்.535ஏ. ஒரே இஞ்சினுக்கு ஏன் இரண்டு பெயர்?

விற்பவன் தன் சரக்குக்குத் தன் கணக்குப்படி பெயர் வைக்கிறான். அல்கோவின் டி.எல். எண் அந்தக் கம்பெனியின் வரிசை எண். அதிலிருந்து குதிரைசக்தி தெரியாது. ஜெனரல் மோட்டார்ஸின் ஜி.டி.16 என்றால் டர்போ பொருத்திய, 16 சிலிண்டர் இஞ்சின். இந்தோனேசியாவுக்குச் சென்ற ஜெனரல் எலெக்ட்ரிக்கின் யு18சி என்றால் 1800 குதிரைசக்தி. 'சி' என்பது ஒவ்வொரு போகியிலும் மூன்று அச்சுகள். 'யு' என்பதற்கு 'யுனிவர்சல்' என்று பொருள். உலகம் முழுவதும் தன் சந்தை என்ற எண்ணம் அந்த ஓர் எழுத்திலேயே அடங்கிவிட்டது!

வாங்கிய நாமோ வேலையை வைத்துப் பெயரிட்டோம். டபிள்யூ அகலப் பாதை, ஒய் மீட்டர் பாதை, டி டீசல், எம் பயணிகள் ரயிலுக்கும் சரக்கு ரயிலுக்கும் பொது, ஜி சரக்குக்கு மட்டும். கடைசி எண் முன்பு வெறும் வரிசை எண்; பிற்கால வகைகளில் அது ஆயிரக்கணக்கில் குதிரைசக்தியைச் சொல்கிறது.

பெயரை மாற்றினால் மட்டும் பொருள் நமதாகிவிடுமா? ஆகாது. 1957 முதல் அல்கோவிடம் வாங்கிய நூறு இஞ்சின்களுக்கு டபிள்யூ.டி.எம்.1 என்று பெயரிட்டோம். ஆனால் அவை இறக்குமதிச் சரக்கே. 1962-இல் வந்த டபிள்யூ.டி.எம்.2-இன் கதை வேறு. அதன் தொழில்நுட்பம் வாராணசியில் அரசு நிறுவிய டீசல் இஞ்சின் தொழிற்சாலைக்கு வந்தது. 1964 ஜனவரியில் அங்கிருந்து முதல் இஞ்சின் வெளிவந்தது. பின்னர் ஒய்.டி.எம்.4-ம் அங்கே கட்டப்பட்டது.

1969-இல் அல்கோ கம்பெனி அமெரிக்காவில் இஞ்சின் உற்பத்தியை நிறுத்தியது. நமது ரயில்கள் நின்றனவா? இல்லை! வரைபடம் பொதுத்துறையின் கையில் இருந்தது. தொழில் நமது தொழிலாளியின் கையில் இருந்தது. அதன் பிறகும் வாராணசியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அல்கோ வகை இஞ்சின்கள் கட்டப்பட்டன. அமெரிக்க ஏகாதிபத்தியத்தை முறியடித்த வியட்நாமுக்கு 1980-களில் சென்ற டி13இ இஞ்சின்கள் வாராணசித் தொழிலாளர்கள் கட்டியவையே. 1996-இல் இலங்கைக்குச் சென்ற எம்8-ம் அப்படித்தான்.

இன்றைய நிலை என்ன? 2015-இல் பிகார் மாநிலம் மடோராவில் ஆயிரம் டீசல் இஞ்சின் கட்டும் ஒப்பந்தம் ஜெனரல் எலெக்ட்ரிக்குக்குத் தரப்பட்டது. அந்தத் தொழிற்சாலையில் ரயில்வேயின் பங்கு 26 சதவீதம். மீதி 74 சதவீதம் அமெரிக்கக் கம்பெனிக்கு. 2019-இல் அது வாப்டெக் என்ற மற்றோர் அமெரிக்கக் கம்பெனியின் கைக்கு மாறியது. அங்கே கட்டும் இஞ்சினுக்கு டபிள்யூ.டி.ஜி.4ஜி என்று நமது முறையிலேயே பெயர். பெயர் நம்முடையது, பெரும்பங்கு அவர்களுடையது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆயிரம் டீசல் இஞ்சினுக்கு ஆர்டர் கொடுத்த அதே சர்க்கார்தான் அகலப் பாதைகளையெல்லாம் மின்மயமாக்கும் திட்டத்தையும் கொண்டுவந்தது. 2018-இல் பழைய அல்கோ வகை டீசல் இஞ்சின்களை மின்சார இஞ்சினாக மாற்றிக் காட்டியவர்கள் யார்? வாராணசித் தொழிலாளர்கள்! அவர்களுக்குக் கிடைத்த வெகுமதி என்ன? 2019-இல் ரயில்வே உற்பத்தித் தொழிற்சாலைகளைக் கார்ப்பரேஷனாக்கும் திட்டம். தொழிலாளர்கள் குடும்பத்தோடு வீதிக்கு வந்து அதை எதிர்த்தார்கள்.

அந்நிய நாட்டுத் தொழில்நுட்பமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அறிவு எங்கிருந்து வந்தாலும் கற்போம். ஆனால் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் மூன்று கேள்விகள் கேட்போம். வரைபடம் யாரிடம்? தொழிற்சாலை யாருக்குச் சொந்தம்? விற்றவன் கடையைக் கட்டினால் நமது வண்டி ஓடுமா?

1946 செப்டம்பர் 5-ல் பொன்மலையில் துப்பாக்கிக் குண்டுக்கு இரையான ரயில்வே தொழிலாளத் தியாகிகளின் மண் இது. இங்கே இந்தக் கேள்விகளைக் கேட்காமல் வேறெங்கே கேட்பது?