‘தாழ்மையுடன் பணிந்து’ எழுதாதீர்கள்

எனக்கு மூன்று எழுத்தர்களைத் தெரியும். முதலாமவர் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர். இரண்டாமவர் தாலுகா ஆபீஸ் வாசலில், வேப்ப மரத்தடியில், ஸ்டூல் போட்டு மனு எழுதித் தருகிறவர். மூன்றாமவன் நான். பகலில் வங்கி எழுத்தர், இரவில் கவிதை எழுத்தர். நாங்கள் மூவரும் சேர்ந்து ஒரு தலித் பெண்ணின் வழக்கைக் கொன்றோம். முதல் இரண்டு பேரைத் திட்டி நிறைய எழுதியாகிவிட்டது. இந்தக் கட்டுரை மூன்றாவது ஆளைப் பற்றியது.

வாசுதேவநல்லூருக்குப் பக்கத்தில் ஓர் ஊர். சில வருடங்களுக்கு முன்னால், கோடை. பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போன பெரியம்மா ஒருவரின் குடத்தை ஆதிக்கச் சாதிக்காரன் ஒருவன் எத்தினான். சாதியைச் சொல்லி ஏசினான். பெரியம்மா ஸ்டேஷனுக்குப் போனார். ‘எழுதிட்டு வா’ என்றார் ரைட்டர். மரத்தடிக்காரர் எழுதிக் கொடுத்தார்: ‘உயர்திரு ஆய்வாளர் அவர்கள் சமூகத்திற்கு, தாழ்மையுடன் பணிந்து எழுதிக்கொண்டது. மேற்படி நபர் அவர்கள் என்னைத் தகாத வார்த்தைகளால் திட்டி, கொலை மிரட்டல் விடுத்தார். கருணை கூர்ந்து...’

அந்தத் தாளோடு பெரியம்மா என்னிடம் வந்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. கிழித்துப் போட்டேன். நானே உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். ‘சாதிவெறி தலைக்கேறிய ஆதிக்கக் கும்பலின் எடுபிடி, காலங்காலமாக நசுக்கப்பட்ட மண்ணின் மகள்மீது ஏவிய வன்மம்’ என்று தொடங்கியது அது. தோழர்கள் படித்துவிட்டு, ‘தலையங்கம் மாதிரி இருக்கு தோழர்’ என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஸ்டேஷனில் வழக்கமான 294(பி), 506 போட்டார்கள். வன்கொடுமைச் சட்டத்தைச் சேர்க்கச் சொல்லி நாங்கள் வாசலில் நின்றோம். விசாரணைக்கு வந்த அதிகாரி இரண்டே கேள்விதான் கேட்டார். என்ன சொல்லைச் சொல்லித் திட்டினான்? அப்போது பக்கத்தில் யார் யார் நின்றார்கள்? என் இரண்டு பக்கத்தில் இந்த இரண்டுக்கும் பதில் இல்லை. பிறகு ஓடிப்போய்ப் பெயர்கள் கொடுத்தோம். ‘அப்புறமா யோசிச்சுச் சேர்த்தது’ என்று ஒதுக்கினார்கள். வழக்கு முடிக்கப்பட்டது என்று ஒரு தாள் வந்தது.

அன்றைக்குத்தான் என் புகாரைப் பெரியம்மாவுக்கு முதன்முதலாகப் படித்துக் காட்டினேன். ஆமாம், அதுவரை படித்துக் காட்டவே இல்லை. கேட்டுவிட்டுச் சொன்னார்: ‘நல்லாத்தான் எழுதிருக்க எய்யா. ஆனா நான் சொன்னது இதுல எங்க இருக்கு?’

அவர் என்ன சொன்னார்? மகள் வாங்கிக் கொடுத்த பித்தளைக் குடம் என்று தொடங்கினார். தனக்கு முன்னால் இரண்டு பேர், பின்னால் ஒருத்தி வரிசையில் நின்றதைச் சொன்னார். எதிரே டீக்கடை பெஞ்சில் ஆட்கள் இருந்ததைச் சொன்னார். ஒன்பதரை பஸ் வந்து நின்றதைச் சொன்னார். அவன் சொன்ன சொல்லையும் சொன்னார். நான் இதையெல்லாம் வளவளப்பு என்று வெட்டினேன். ஒரு நல்ல கவிஞன் வெட்டுவது மாதிரி, இரக்கமே இல்லாமல் வெட்டினேன்.

*

இப்போது சட்டத்தைப் பாருங்கள். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1990 ஜனவரி 30 முதல் நடைமுறையில் இருக்கிறது. சாதி இழிவுக்கான பிரிவு அப்போது 3(1)(எக்ஸ்). 2015 திருத்தம் 2016இல் நடைமுறைக்கு வந்தபின் அது 3(1)(ஆர்), 3(1)(எஸ்) என்று இரண்டாகப் பிரிந்தது. இரண்டிலும் ஒரு நிபந்தனை: ‘பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில்’ நடந்திருக்க வேண்டும்.

அந்த ஒரு நிபந்தனையில்தான் நம் வழக்குகள் இடறி விழுகின்றன. 2008இல் கோரிகே பெண்டையா வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேராதவர் என்றும், பொதுப் பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினார் என்றும் புகாரில் சொல்லவில்லை என்பதைக் காரணம் காட்டி உச்ச நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. அதே 2008இல் ஸ்வரன் சிங் வழக்கில், வீட்டு வாசலில், கார் பக்கத்தில் வைத்துத் திட்டியது பொதுப் பார்வைதான், அது பொது இடமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்றது. 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் நான்கு சுவருக்குள் நடந்தது சேராது என்றது. 2025 ஜனவரியில் நம் லால்குடி வழக்கு: அலுவலகத்துக்குள் ஒரு வருவாய் ஆய்வாளர் சாதி சொல்லி ஏசப்பட்டார் என்பது புகார். உடன் வேலை பார்ப்பவர்கள் பிறகுதான் வந்தார்கள், ஆகவே பொதுப் பார்வை இல்லை என்று அதுவும் ரத்து.

நான்கு சுவருக்குள் ஏசினால் தலித்துக்கு அவமானம் கிடையாதா என்று நாம் கேட்க வேண்டும். கேட்போம். அந்தச் சண்டை வேறு. ஆனால் பெரியம்மாவின் டீக்கடையும், வரிசையும், ஒன்பதரை பஸ்ஸும் நான்கு சுவருக்குள் நடந்தவை அல்லவே! சட்டம் கேட்ட அத்தனையும் அந்தப் பெரியம்மாவின் வாயில் இருந்தது. படிப்பறியாத வாயில் இருந்த சட்டத்தைப் பட்டதாரி அடித்துவிட்டான்.

*

மரத்தடிக்காரரின் மொழிக்கு வருவோம். அந்த மொழியின் இலக்கணத்திலேயே சாதி உட்கார்ந்திருக்கிறது. எத்தினவன் ‘அவர்கள்’ ஆகிறான். எத்து வாங்கினவர் ‘தாழ்மையுடன் பணிந்து’ நிற்கிறார். புகார் கொடுப்பது அவருடைய உரிமை, வாங்கிக்கொள்வது அவர்களுடைய வேலை. இதில் ‘கருணை’ எங்கிருந்து வந்தது? மன்னர் காலத்து ஓலைத் தமிழை இன்னும் நம் முதுகில் ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

‘தகாத வார்த்தை’ என்பது அதைவிட மோசம். பயிற்சிக்கு வருகிற நம் பிள்ளைகளும் இதையே எழுதுகிறார்கள். கேட்டால், ‘அந்த வார்த்தையை எப்படி சார் எழுதுறது, கூச்சமா இருக்கு’ என்கிறார்கள். யாருக்குக் கூச்சம்? சொன்னவனுக்கு இல்லாத கூச்சம் நமக்கு எதற்கு? அந்தச் சொல்லை இந்தப் பத்திரிகையில் நான் அச்சிட மாட்டேன். புகாரில் எழுதியே ஆக வேண்டும், அவன் வாயில் வந்தபடியே, ‘லே’ போட்டிருந்தால் ‘லே’ போட்டே. ‘தகாத வார்த்தை’ என்று எழுதும்போது சாதி அழிந்து வெறும் வாய்த்தகராறு ஆகிறது. அன்றைய 294(பி)க்கு அது போதுமாக இருந்தது. வன்கொடுமைச் சட்டத்துக்குப் போதாது.

2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில் நடந்தது நினைவிருக்கும். தின்பண்டம் வாங்க வந்த நம் குழந்தைகளைக் கடைக்காரர் ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். அது வீடியோவாக வெளியே வந்தது. கைது நடந்தது. சட்டத்தின் 10ஆம் பிரிவைக் காட்டி, குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக் கூடாது என்று நெல்லையில் நீதிமன்றம் உத்தரவிட்டது. முப்பது வருடமாகச் சட்டப் புத்தகத்தில் தூங்கிக்கொண்டிருந்த பிரிவு அது. எப்படி எழுந்தது? ‘கட்டுப்பாடு’ என்ற சொல் சொன்னவர் வாயிலிருந்தே, சொன்னபடியே பதிவாகிவிட்டது. அதை எந்த ரைட்டரும் ‘வாய்த்தகராறு’ என்று மாற்ற முடியவில்லை. எல்லாச் சம்பவத்துக்கும் கேமரா வராது. வராத இடத்தில் நம் பேனா அந்த வேலையைச் செய்ய வேண்டும். கேமரா அடைமொழி போடாது.

*

பாராலீகல் பயிற்சி என்ற பேரில் நாம் நடத்துவது என்ன? இரண்டு நாள் முகாம். மேடைக்குப் பின்னால் டிஜிட்டல் தட்டி. ஆளுக்கொரு ஃபைல், அதில் ‘மாதிரிப் புகார்’ ஜெராக்ஸ். பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றி எழுதிக்கொள்ளலாம். கடைசியில் சான்றிதழ், குரூப் போட்டோ. தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2009இல் சட்டத் தன்னார்வலர் திட்டம் கொண்டுவந்தது, அரசாங்கம் நடத்துகிற முகாம் அப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். இயக்கம் நடத்துகிற முகாமும் ஏன் அப்படியே இருக்கிறது? ஒரே அச்சில் வார்த்த பத்துப் புகார் ஒரே ஸ்டேஷனுக்குப் போனால், எதிர்த்தரப்பு வக்கீல் பத்தையும் அடுக்கிவைத்து, ‘எல்லாம் ஒரே ஆள் சொல்லிக் கொடுத்தது’ என்பார். எங்கள் பக்கத்தில் இன்னும் இந்தச் சட்டத்தை ‘பிசிஆர் கேஸ்’ என்றுதான் சொல்கிறார்கள். ‘பிசிஆர் போட்டுருவாங்கப்பா’ என்று ஏளனம் பேசுகிறவனுக்கு நம் ஜெராக்ஸ் தீனி போடுகிறது.

இன்னொரு பழக்கமும் உண்டு. எத்தினவன் ஒருவன் என்றால், புகாரில் அவன் அண்ணனையும் மச்சானையும் சேர்ப்பது. ‘கேஸ் கனமா இருக்கட்டும்’ என்பது நம் கணக்கு. சேர்த்த ஒவ்வொரு பொய்ப் பெயரும் உண்மையான பெயரைக் காப்பாற்றும். 2018 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்தபோது சொன்ன காரணமே ‘தவறாகப் பயன்படுத்துகிறார்கள்’ என்பது. ஏப்ரல் 2 அன்று இந்தியா முழுக்க நம் மக்கள் தெருவில் இறங்கினார்கள், உயிர்களைக் கொடுத்தார்கள். அதன்பிறகுதான் 18ஏ பிரிவு வந்தது. அப்படி மீட்ட சட்டத்தை ஒரு சோம்பேறித்தனமான தாளால் தோற்கடிக்க நமக்கு உரிமை இல்லை.

தோழர்கள் சிலர் கேட்பார்கள்: ‘சட்டமே ஆளும் வர்க்கத்துக் கருவி, மனு எழுதுவது சீர்திருத்தவாதம் இல்லையா?’ அவர்களுக்கு நம் வரலாறு தெரியாது. 1891இல் அயோத்திதாசர் நீலகிரியில் மாநாடு கூட்டிப் பத்துக் கோரிக்கைகளை எழுதி அனுப்பினார். 1893இல் ரெட்டைமலை சீனிவாசன், ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தினால் பதவியெல்லாம் சாதி இந்துக்கள் கைக்கே போகும் என்று 3,412 பேர் கையெழுத்தோடு 112 அடி நீள மனுவை லண்டனுக்கு அனுப்பினார். 1919இல் அம்பேத்கர் சவுத்பரோ கமிட்டி முன் எழுத்தில் வாதாடினார். நம் அரசியல் மனுவில் தொடங்கியது. ஆகஸ்ட் 20 ஆனால் ஒண்டிவீரன் பெயரைச் சொல்லி நெல்கட்டும்செவல் பச்சேரிக்கு வேன் வேனாகப் போகிறோம். போக வேண்டும். வேனில் போன தெருவில் ஒரு புகாரைத் தானே எழுத ஆள் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

*

அப்படியானால் எப்படிக் கற்பது? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தெரிந்தது தோற்றதனால்தான்.

முதலில் பேனாவை மூடி வைத்துவிட்டு, நடந்ததை முழுசாகக் கேளுங்கள். இரண்டாவது முறை சொல்லும்போது எழுதுங்கள். பாதிக்கப்பட்டவர் எந்த வரிசையில் சொன்னாரோ அதை முதலில் அப்படியே எழுதிவிட்டு, அப்புறம் நாள், நேரம், இடம் பார்த்து அடுக்குங்கள். எங்கே நின்றார், அவன் எங்கே நின்றான், யார் பார்த்தார்கள், யார் கேட்டார்கள், என்ன சொல், என்ன செயல். பாதிக்கப்பட்டவர் என்ன சாதி, எதிரி என்ன சாதி, இரண்டையும் எழுதுங்கள். ஒரே ஊர், தெரிந்த முகம் என்றால் அதையும் எழுதுங்கள். ஏனென்றால் எதிரிக்கு நம்மையோ நம் குடும்பத்தையோ தெரியும் என்றால், சாதியும் தெரியும் என்று நீதிமன்றம் அனுமானிக்க 8ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. அடைமொழி வேண்டாம். ‘கொடூரமாக’ என்பதற்குப் பதிலாகக் காயம் எங்கே என்று எழுதுங்கள். பிரிவு எண்ணை மறந்தால் பரவாயில்லை. சம்பவத்தை மறந்தால் எந்தப் பிரிவும் வராது.

எழுதிவிட்டுப் படித்துக் காட்டுங்கள். நான் வங்கியில் கைநாட்டு வைக்கிறவருக்குக் கடன் பத்திரத்தைத் தமிழில் படித்துக் காட்டி, புரிந்ததா என்று கேட்டு, அதைத் தனியாக எழுதி வாங்குகிறேன். வங்கியின் காசுக்குக் காட்டிய மரியாதையைப் பெரியம்மாவின் மானத்துக்குக் காட்டவில்லை.

இது என் அறவுரை மட்டும் அல்ல, சட்டமே இதைத்தான் சொல்கிறது. வாயால் சொன்னாலே போதும். 1995 விதிகளின் 5ஆம் விதிப்படி அதை எழுதுவது ஸ்டேஷனின் கடமை. எழுதியதைப் படித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்க வேண்டும், நகலை இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். கடமையை வேண்டுமென்றே தவறும் தலித் அல்லாத அரசு ஊழியருக்கு 4ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை உண்டு. ஸ்டேஷனில் உடன் உட்கார நமக்கு உரிமை இருக்கிறது, 15ஏ பிரிவில் தொண்டு நிறுவனங்கள், சமூகப் பணியாளர்கள், வக்கீல்கள் உதவியைப் பெறலாம் என்று தெளிவாகவே இருக்கிறது. ‘எழுதிட்டு வா’ என்று ரைட்டர் சொன்னதே சட்ட மீறல். அதை அன்றைக்கு நான் கேட்கவில்லை. எழுதுகிற ஆசையில் இருந்தேன்.

கடைசியாக ஒன்று. நாமே எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. தெருவுக்கு இரண்டு பேர், அதிலும் பெண்கள், எழுதப் பழக வேண்டும். பீடி சுற்றுகிற அக்கா, பத்தாவது படித்த மருமகள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர், யாராவது. இப்போது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் உட்காருகிறோம். நடந்து முடிந்த ஒரு சம்பவத்தை ஒருவர் சொல்ல, எல்லோரும் எழுதி, சொன்னவருக்கே படித்துக் காட்டுகிறோம். பிழையைத் திருத்துவது சொன்னவர். நான் நோட்டு வாங்கிக் கொடுக்கிறேன், கூட்டத்தில் வாயை மூடிக்கொள்கிறேன்.

போன முறை பெரியம்மா தன் குடத்தின் கதையைச் சொன்னார். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளை, ‘குடத்தைத் தட்டிவிட்டார்’ என்று எழுதிப் படித்தது. பெரியம்மா நிறுத்தினார்.

‘தட்டிவிட்டாரா? எத்துனான் தாயி. எத்துனான்னு எழுது.’

அடித்துவிட்டு எழுதியது அந்தப் பிள்ளை.