லிங்க்கைத் தட்டு... ரத்தத்தைக் கொடு!



போன மாசம் ஆம்பூர் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி போன் பண்ணினா. எம்.எஸ்.டபிள்யூ. கடைசி வருஷம். புராஜெக்ட் தலைப்பு, ‘வீட்டிலிருந்து ஷூ அப்பர் தைக்கும் பெண்களின் உடல்நலம்’. கழுத்து வலி, கண் எரிச்சல், விரல்ல ஊசி குத்துறது எல்லாத்தையும் கேட்டு கூகுள் ஃபார்ம் ஒண்ணு ரெடி பண்ணி, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், இன்ஸ்டா ஸ்டோரினு தெறிக்க விட்டிருக்கா.

“அண்ணே, நாலே நாள்ல நூறு பேருக்கு மேல ஃபில்லப் பண்ணிட்டாங்க!”

“சூப்பர்மா... அப்புறம் என்ன? ட்ரீட் எப்ப?”

“ட்ரீட்டா? அதுல அப்பர் தைக்கிறவங்க ஒருத்தர்கூட இல்லண்ணே!”

ஃபில்லப் பண்ணினது பூரா அவ கிளாஸ்மேட்ஸ், அவங்க ஃபிரெண்ட்ஸ், பெங்களூர்ல ஐ.டி.யில இருக்கிற ஒரு கசின், துபாய்ல இருந்து ஒரு மாமா. ‘ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி தைக்கிறீர்கள்?’ங்கிற கேள்விக்கு ஒரு மகானுபாவர், ‘லவ் ஜோடியா, கள்ள ஜோடியா?’னு பதில் போட்டிருக்கார். இத்தனைக்கும் அவ உட்கார்ந்து போன் பேசுற அதே ரூம்ல, ஜன்னல் வெளிச்சத்துல, மடியில தோலை வெச்சுக்கிட்டு அப்பர் தைக்கிறாங்க அவ அம்மா. அவங்களுக்கு அந்த ஃபார்ம் போகலை. ஏன்னா, வீட்ல இருக்கிற ஒரே ஸ்மார்ட்போன் தம்பி கையில. தம்பிக்கு கேம்!

ஆராய்ச்சிக்கு ஆள் பிடிக்கிறதுங்கிறது எவ்வளவு பெரிய தலைவலினு எனக்கு அன்னிக்குத்தான் உறைச்சது. மருந்து கண்டுபிடிக்கிறவங்க, தடுப்பூசி டெஸ்ட் பண்றவங்க, சர்வே எடுக்கிறவங்க... எல்லாரும் முதல்ல முட்டி மோதுற இடம் இதுதான். ‘ஆள் எங்கே?’

இந்தக் கேள்விக்கு நம்ம வேலூர்ல ஒரு செம ஃபிளாஷ்பேக் இருக்கு.

1985 கடைசி. சென்னை மருத்துவக் கல்லூரியில மைக்ரோபயாலஜி படிச்சுட்டிருந்த டாக்டர் நிர்மலாவுக்கு புராஜெக்ட் தலைப்பு வேணும். பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்ன ஐடியா, ‘எய்ட்ஸ் கிருமி இங்கே வந்துடுச்சானு பார்க்கலாமே!’ அதெல்லாம் அமெரிக்கா சமாசாரம், நம்ம ஊருக்கு வராதுனு எல்லாரும் நம்பிட்டிருந்த காலம். இருநூறு பேர் ரத்தம் வேணும். அதுவும் யார் ரத்தம்? பாலியல் தொழில் பண்ற பெண்கள் உள்பட, வெளியில அடையாளமே காட்டிக்காதவங்க ரத்தம். பம்பாய் மாதிரி தனி ஏரியாவும் சென்னையில கிடையாது. ஃபேஸ்புக் பொறக்கவே இன்னும் பதினெட்டு வருஷம் இருக்கு!

நிர்மலா என்ன பண்ணினாங்க தெரியுமா? பெரியாஸ்பத்திரிக்கு சிகிச்சைக்கு வர்ற பெண்கள் ஒண்ணு ரெண்டு பேரோட பேசிப் பழகி, அவங்க மூலமா அடுத்தவங்களைத் தெரிஞ்சுக்கிட்டாங்க. போலீஸ் பிடிச்சா அவங்களை எங்கே வைப்பாங்கனு விசாரிச்சு, அந்தக் காப்பகத்துக்கே போனாங்க. கணவர் ஸ்கூட்டர்ல கொண்டுபோய் விடுவார். மூணு மாசத்துல எண்பதுக்கும் மேல சாம்பிள். கையில கிளவுஸ்கூட கிடையாது. சேகரிச்ச சாம்பிளை வெச்சது வீட்டு ஃபிரிட்ஜ்ல!

டெஸ்ட் பண்ற வசதி சென்னையில இல்லை. 1986 பிப்ரவரியில, ஐஸ் பாக்ஸைத் தூக்கிக்கிட்டு கணவரோட ராத்திரி ரயில் ஏறி, காட்பாடியில இறங்கி, ஆட்டோ பிடிச்சு நேரா சி.எம்.சி. அங்கே டாக்டர் ஜேக்கப் ஜான் நடத்தின வைராலஜி லேப். ஆறு சாம்பிள் மஞ்சளா மாறிடுச்சு. மறுபடி அந்த ஆறு பேர்கிட்டயும் ரத்தம் எடுத்து, அமெரிக்காவுக்கு அனுப்பி, அங்கேயும் உறுதி ஆச்சு. அந்த வருஷம் மே மாசம் சட்டமன்றத்துல சுகாதார அமைச்சர் ஹண்டே அறிவிச்சப்போதான் இந்தியாவே அதிர்ந்தது. காட்பாடி ஸ்டேஷன்ல இறங்கறப்பல்லாம் எனக்கு அந்த ஐஸ் பாக்ஸ்தான் ஞாபகம் வரும்.

சரி, இப்ப கொஞ்சம் உறுத்துற விஷயத்துக்கு வருவோம். எதுக்காக ரத்தம் எடுக்கிறாங்கனு அந்தப் பெண்களுக்குத் தெரியாது. வழக்கமான பால்வினை நோய் டெஸ்ட்டுனுதான் நினைச்சாங்கனு டாக்டர் நிர்மலாவே பின்னாளில் மறைக்காம சொல்லியிருக்காங்க. நாட்டையே எழுப்பிவிட்ட கண்டுபிடிப்பு அது, சந்தேகமே இல்லை. ஆனா, காப்பகத்துல பூட்டி வெச்சிருக்கிற ஒருத்தங்க ‘நான் தர மாட்டேன்’னு சொல்ல முடியுமா? இன்னிக்கு அதே புராஜெக்ட்டை அப்படியே கொண்டுபோனா, எந்த எதிக்ஸ் கமிட்டியும் வாசல்லயே மடக்கிடும். மடக்கணும்!

அங்கேயிருந்து ஒரே ஜம்ப். 2021 ஆகஸ்ட். முதல் டோஸ் கோவிஷீல்டு, ரெண்டாவது கோவாக்சின்னு மாத்திப் போட்டா என்ன ஆகும்னு பார்க்க, அதே சி.எம்.சி.க்கு மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தந்தது. தேவை, 300 ஆரோக்கியமான வாலன்டியர்கள். நியூஸ் வந்த வேகத்துல ஊர் பூரா தெரிஞ்சுபோச்சு. நிர்மலா மூணு மாசம் அலைஞ்ச காலம் எங்கே, ஒரு ஃபார்வர்டு பட்டனை அமுக்கினா ஜில்லாவுக்கே சேதி போற காலம் எங்கே!

இந்த வேகத்தால நிஜமான லாபம் இருக்கு, ஒத்துக்கணும். அபூர்வ நோய்களை எடுத்துக்குங்க. ஹீமோஃபிலியா ஏ, ரத்தம் உறையாத நோய். ஆண் குழந்தைகள்ல சுமார் 5,000-ல ஒருத்தருக்கு வரும். இதுக்கு ஜீன் தெரபி கொடுத்து சி.எம்.சி. டாக்டர்கள் 2024 டிசம்பர்ல ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழ்ல வெளியிட்ட ஆராய்ச்சியில இருந்தது மொத்தமே அஞ்சு பேர். இந்த மாதிரி நோய்க்கெல்லாம் ஆளைத் தேடி தெருத் தெருவா போக முடியாது. பெற்றோர்கள் சேர்ந்து நடத்துற வாட்ஸ்அப் குரூப்தான் கடவுள்.

ஆனா ‘நிறைய பேர் வந்தாங்க’ங்கிறதும் ‘சரியான ஆள் வந்தாங்க’ங்கிறதும் ஒண்ணு இல்லை மக்களே. நம்ம ஆம்பூர் தங்கச்சி பட்ட அடியை அமெரிக்காவே பட்டிருக்கு. கொரோனா சமயத்துல கார்னகி மெலன் பல்கலைக்கழகம் ஃபேஸ்புக் வழியா வாரத்துக்கு ரெண்டரை லட்சம் பேர்கிட்ட சர்வே எடுத்துச்சு. 2021 மே மாசம், எத்தனை பேர் தடுப்பூசி போட்டுக்கிட்டாங்கனு அந்த சர்வே காட்டின கணக்கு, நிஜத்தைவிட 17 சதவிகிதப் புள்ளி அதிகம்! அதே நேரத்துல, கவனமா ஆள் பொறுக்கி சுமார் ஆயிரம் பேர்கிட்ட மட்டும் கேட்ட இன்னொரு சர்வே நிஜத்துக்கு ரொம்பக் கிட்ட வந்துச்சு. அந்த டிசம்பர்ல ‘நேச்சர்’ இதழ்ல இதைப் புட்டுப்புட்டு வெச்சுட்டாங்க. சாம்பார் ருசி பார்க்க அண்டா முழுக்கக் குடிக்கணுமா என்ன? நல்லா கலக்கிட்டு ஒரு கரண்டி எடுத்தா போதும். கலக்காம மேலாக்க மொண்டா, அண்டாவையே காலி பண்ணினாலும் அடியில இருக்கிற பருப்பு தெரியாது.

நம்ம பெல்ட்ல அடியில இருக்கிறது யாரு? ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி... விடியக் காலையில கம்பெனி பஸ் பிடிச்சு ஷூ கம்பெனிக்குப் போற பெண்கள், டேனரியில ஈரத் தோலைத் தூக்குற அண்ணன்கள். குரோம் கழிவு, தோல் அரிப்பு, மூச்சுத் திணறல்னு ஆராயணும்னா முதல் ஆள் இவங்கதான். தேசிய குடும்பநல சர்வே (2019-21) கணக்குப்படி, வாழ்க்கையில ஒரு தடவையாவது இன்டர்நெட் பயன்படுத்தின பெண்கள் இந்தியாவுல 33 சதவிகிதம். ஆண்கள் 57. லிங்க்கை மட்டும் நம்பினா யார் விட்டுப்போவாங்கனு நானா சொல்லணும்?

இதைவிட டேஞ்சர் ஒண்ணு இருக்கு. ஒரு போஸ்ட், ‘காசநோய் உள்ளவர்கள் ஆராய்ச்சிக்குத் தேவை’. கீழே ஒருத்தர், ‘இன்ட்ரஸ்டட், கால் மீ’னு நம்பரோட கமென்ட். முடிஞ்சது கதை! தனக்கு என்ன வியாதினு சொந்தக்காரன், பொண்ணு கொடுக்கப்போற மாமனார், வேலை கொடுக்கிற முதலாளி எல்லாருக்கும் போஸ்டர் அடிச்சு ஒட்டின மாதிரி. ஃபேஸ்புக்கே இதுல கையைச் சுட்டுக்கிட்டுத்தான், ‘இன்ன வியாதி பத்தி ஆர்வம் உள்ளவங்களுக்கு மட்டும் விளம்பரம் காட்டு’ங்கிற மாதிரி வசதிகளை 2022 ஜனவரி 19-ல இருந்து எடுத்துட்டது. ஆனா கமென்ட் பாக்ஸை யார் எடுப்பா?

தங்கச்சியோட அம்மா இன்னும் ஒரு படி மேல போயிட்டாங்க. “அந்த குரூப்புல போட்டியாடி? அதுலதான நமக்கு வேலை கொடுக்கிற ஏஜென்ட்டும் இருக்கான்! கை வலிக்குதுனு நான் எழுதினா, அடுத்த வாரம் எனக்குத் தோல் குடுப்பானா அவன்?” எம்.எஸ்.டபிள்யூ. சிலபஸ்ல இல்லாத பாயின்ட்!

சரி, நாளைக்கு உங்க போனுக்கே ‘ஆரோக்கியமான இளைஞர்கள் தேவை, தக்க சன்மானம்’னு ஒண்ணு வருதுனு வைங்க. பாக்கெட் மணிக்கு ஆச்சுனு கிளம்பிடாதீங்க. மருந்து, தடுப்பூசி டெஸ்ட்னா அது ‘கிளினிக்கல் ட்ரையல்ஸ் ரெஜிஸ்ட்ரி - இந்தியா’வுல பதிவாகி இருக்கணும். 2009 ஜூன் 15-ல இருந்து இது கட்டாயம். பதிவு எண்ணைக் கேளுங்க. நெட்ல நீங்களே தேடிப் பார்க்கலாம், காசு கிடையாது. எதிக்ஸ் கமிட்டி ஓகே பண்ணினதானு கேளுங்க. ஆள் பிடிக்கப் போடுற அந்த விளம்பரத்தையே கமிட்டி பார்த்திருக்கணும். விவரத்தாள் தமிழ்ல வேணும்னு கேட்கிறது உங்க உரிமை. பஸ் காசு, அன்னிக்குப் போன கூலி தர்றது நியாயம். ‘பெரிய அமவுண்ட் தர்றேன், ஃபிரெண்டைக் கூட்டிட்டு வா, கமிஷன் உண்டு’ன்னா... ஓடிடுங்க பாஸ்! அப்புறம், பாதியில ‘போதும், நான் வரலை’னு எழுந்து வர்றதுக்கு நீங்க காரணம்கூட சொல்ல வேண்டியதில்லை. ட்ரையலால உடம்புக்கு ஏதாவது ஆனா இலவச சிகிச்சை, நஷ்ட ஈடு எல்லாம் 2019 விதிகள்ல இருக்கு.

முக்கியமா, கையெழுத்து உங்களுது. 18 வயசு ஆகலைன்னா பெற்றோருது. இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, 2009-ல அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்துல ஹெச்.பி.வி. தடுப்பூசி ஆராய்ச்சியில, ஹாஸ்டல்ல தங்கிப் படிச்ச பழங்குடிப் பெண் குழந்தைகளுக்கு ஒப்புதல் கையெழுத்து போட்டது யாரு தெரியுமா? வார்டன்! அம்மா, அப்பாவுக்கே தெரியாம. பிரச்னை வெடிச்சு 2010 ஏப்ரல்ல நிறுத்தினாங்க. நாடாளுமன்றக் குழுவும் 2013-ல கிழிச்சுத் தொங்கவிட்டது. அந்தத் தடுப்பூசி நல்ல தடுப்பூசி. கேட்ட விதம்தான் கேவலம்.

நம்ம தங்கச்சி கதை என்னாச்சுங்கிறீங்களா? கைடுகிட்ட பேசி கூகுள் ஃபார்மைத் தூக்கிக் கடாசிட்டா. கேள்விகளைப் பேப்பர்ல பிரின்ட் எடுத்து, ஞாயித்துக்கிழமை மத்தியானம் அம்மாவையும் கூட்டிக்கிட்டு பக்கத்துத் தெருவுக்குப் போயிருக்கா. முதல் வீட்டுத் திண்ணையில அப்பர் தைச்சுட்டிருந்த அக்கா, ஊசியை நிறுத்தாமலே கேட்டாங்களாம்.

“இதுல எங்க பேரு வருமா பாப்பா?”

“வராதுக்கா”னு சொல்லிட்டு, தாள்ல முதல் கேள்வியா இருந்த ‘பெயர்’ங்கிற கட்டத்தை அவங்க கண்ணு முன்னாலயே பேனாவால அடிச்சிருக்கா. அப்புறம்தான் அந்த அக்கா ஊசியைக் கீழே வெச்சிருக்காங்க.