அமானா என்பது பெயர்ப்பலகை அன்று

 

வட்டியைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் செந்துறை வட்டாரத்தில் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது. "மலேசியாவில் இஸ்லாமிய வங்கி இருக்கிறது, இங்கே இல்லை. இருந்தால் நாங்கள் ஏன் நகையைக் கொண்டுபோய் வட்டிக்கு வைக்கிறோம்?" கோலாலம்பூரில் வேலை பார்க்கும் பிள்ளை விடுமுறைக்கு வந்தால் அவனும் இதையே உறுதி செய்கிறான். வெள்ளைக்காரனுடைய வங்கியே அங்கு 'அமானா' என்று பெயர் வைத்து முஸ்லிம்களுக்குச் சேவை செய்கிறதாம்! கேட்பவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். மறுநாள் காலையில் அடகுக்கடைக்குப் போகிறார்கள்.

இந்தப் பதில் நியாயம்போலத் தோன்றுகிறது. ஆயினும் இது ஒரு சாக்கு என்பதே நமது வாதம். அந்த 'அமானா'வின் வரலாற்றையே எடுத்துப் பார்ப்போம்.

1865இல் ஹாங்காங்கில் தொடங்கப்பட்ட எச்.எஸ்.பி.சி. வங்கி, 1884இல் பினாங்கில் காலூன்றியது. இஸ்லாமிய நிதிச் சேவைக்கென 1998இல் 'அமானா' என்னும் பிரிவை அது உருவாக்கியது. மலேசியாவில் 2008இல் 'எச்.எஸ்.பி.சி. அமானா மலேசியா பெர்ஹாத்' என்னும் தனித் துணை நிறுவனமே நிறுவப்பட்டது. கணக்கு, கடன் அட்டை, வீட்டு நிதி என ஒரு வங்கியில் கிடைக்கும் யாவும் அங்கே கிடைக்கின்றன.

ஆனால் 2012இல் நடந்தது என்ன? பிரிட்டன், ஐக்கிய அரபு அமீரகம், பஹ்ரைன், சிங்கப்பூர், வங்காளதேசம், மொரீஷியஸ் ஆகிய நாடுகளில் பொதுமக்களுக்கான அமானா சேவையை நிறுத்துவதாக அக்குழுமம் அறிவித்தது. மலேசியாவும் சவூதியும் தப்பின. வட்டி ஹராம் என்பது பினாங்கிலும் பஹ்ரைனிலும் ஒன்றே. இலாபக் கணக்குதான் ஊருக்கு ஊர் வேறு. அதே 2012ஆம் ஆண்டின் இறுதியில், மெக்சிகோவின் போதைப்பொருள் கும்பல்களுடைய பணம் தன் வழியே புழங்குவதைத் தடுக்கத் தவறியதற்காக அக்குழுமம் அமெரிக்க அரசுக்கு ஏறத்தாழ 190 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. அமானிதம் என்னும் சொல்லின் கனம் அறிந்த சமுதாயம் இதை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

ஒரு வங்கியை மட்டும் குறை கூறுவது நமது நோக்கம் அன்று. சிங்கப்பூரின் டி.பி.எஸ். வங்கி வளைகுடா முதலீட்டாளர்களோடு சேர்ந்து 2007இல் 'இஸ்லாமிக் பேங்க் ஆஃப் ஏசியா'வைத் தொடங்கியது. 2015இல் அதையும் மூடிவிடுவதென முடிவாயிற்று. வணிகத்துக்காக வந்தவர்கள் வணிகம் படியாதபோது போவார்கள். அது அவர்கள் இயல்பு. அவர்கள் கையில் நம் மார்க்கக் கடமையை ஒப்படைத்துவிட்டுக் காத்திருப்பதுதான் பிழை.

சேவையின் உள்ளடக்கத்தையும் பார்ப்போம். மலேசிய இஸ்லாமிய வங்கிகளில் ரொக்கக் கடனுக்குப் பரவலாக உள்ள முறை 'தவர்ருக்'. ஒருவருக்கு 50,000 ரிங்கிட் தேவை என்று கொள்வோம். வங்கி அந்தத் தொகைக்குப் பாமாயில் வாங்குகிறது. அதையே அவருக்குத் தவணையில் 65,000 ரிங்கிட்டுக்கு விற்கிறது. பின் அவருடைய முகவராக நின்று, அந்தப் பாமாயிலை வேறொருவருக்கு 50,000க்கு விற்றுப் பணத்தை அவர் கணக்கில் சேர்க்கிறது. எல்லாம் கணினியில் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அவர் எண்ணெயைக் கண்ணால் கண்டதில்லை. கைக்கு வந்தது 50,000. திருப்பித் தர வேண்டியது 65,000.

மலேசிய மத்திய வங்கியின் ஷரீஆ ஆலோசனைக் குழு இம்முறையை ஏற்றிருக்கிறது. ஆனால் இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பைச் சார்ந்த சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, வங்கியே முன்னின்று ஏற்பாடு செய்யும் இத்தகைய தவர்ருக் கூடாது என்று 2009இல் ஷார்ஜாவில் தீர்மானித்தது. ஆலிம்களின் கருத்து வேறுபாட்டில் நாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. நாம் ஏங்கிக் கிடக்கும் அந்தப் பொருளே இவ்வளவு சர்ச்சைக்குரியது என்பதையாவது அறிந்துகொண்டு ஏங்குவோம்.

அப்படியானால் மலேசிய முஸ்லிம்களிடம் கற்க ஒன்றுமே இல்லையா? உண்டு, ஆனால் நாம் பார்க்கும் இடத்தில் இல்லை. ஹஜ்ஜுக்காகச் சிறுகச் சிறுகச் சேர்க்கும் கிராமத்து மக்களின் பணம் வட்டியில் கலந்துவிடக் கூடாதென்று, பொருளியல் அறிஞர் உங்கு அஜீஸ் 1959இல் ஒரு திட்டம் வகுத்தார். 1963இல் அது நிறுவனமாகியது. அதுவே பின்னர் 'தாபுங் ஹாஜி' என வளர்ந்தது. நாட்டின் முதல் இஸ்லாமிய வங்கி வந்தது 1983இல்தான். எச்.எஸ்.பி.சி.யின் துணை நிறுவனமோ 2008இல். முதலில் மக்களின் பேணுதல், பிறகு வங்கி, கடைசியாக வெளிநாட்டு வங்கி. நாமோ கடைசியில் வந்ததை முதலில் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறோம்.

இங்கே அது வரும் அறிகுறியும் இல்லை. வட்டியில்லா வங்கிமுறையை ரகுராம் ராஜன் குழு 2008இல் பரிந்துரைத்தது உண்மை. எனினும் அத்திட்டத்தை மேற்கொண்டு எடுத்துச் செல்வதில்லை என ரிசர்வ் வங்கி முடிவு செய்த செய்தி 2017இல் வெளியானது. அதுவரை ஹராமில் இருப்போம் என்று மறுமையில் சொல்ல முடியுமா?

நபி (ஸல்) அவர்கள் தமது இறுதி ஹஜ்ஜில் அறியாமைக் கால வட்டியை ஒழித்தபோது, எங்கிருந்து தொடங்கினார்கள்? தம் சொந்தச் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு வரவேண்டிய வட்டியைத்தான் முதலில் தள்ளுபடி செய்தார்கள். அன்று மதீனாவில் வங்கி இல்லை. வீட்டிலிருந்து தொடங்கும் உறுதி இருந்தது.

நம் வீடுகளிலிருந்து தொடங்குவோம். நம் கடன்களில் எத்தனை மருத்துவத்துக்காக, எத்தனை முந்திரி விளைச்சல் பொய்த்ததால், எத்தனை வரதட்சணைக்கும் ஆடம்பர வலீமாவுக்கும் வாங்கியவை என்று நெஞ்சில் கைவைத்துக் கணக்கிடுவோம். மஹர் கொடுக்க வேண்டியவன் கைநீட்டி வாங்குகிறான். பெண்ணின் தகப்பன் வட்டிக்கு வாங்குகிறான். இந்த வட்டியை எந்த இஸ்லாமிய வங்கி வந்து தீர்க்கும்?

உண்மையான தேவைக்கு ஜமாஅத்தின் பைத்துல்மால் நிற்கட்டும். வெளிநாட்டிலிருக்கும் நம் பிள்ளைகள் மாதந்தோறும் ஒரு சிறு தொகையை ஸதகாவாகத் தரட்டும். வட்டியில்லாக் கடனாக அது ஊருக்குள்ளேயே சுழலட்டும். கடனை எழுதிக்கொள்ளவும் சாட்சி வைக்கவும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கட்டளையிடுகிறது, அப்படியே எழுதுவோம். சிரமப்படுபவருக்கு அவகாசம் தரச் சொல்கிறது 280ஆம் வசனம், அப்படியே தருவோம். அடைக்கவே இயலாதவருக்கு ஜகாத்தில் பங்கு உண்டு.

ஓர் எச்சரிக்கை. வைப்புத்தொகை வாங்குவதும் இலாபம் தருவதாக ஆசை காட்டுவதும் அறவே வேண்டாம். முறைப்படுத்தப்படாத வைப்புத்தொகைத் திட்டங்களை 2019ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அதே ஆண்டில் பெங்களூரின் ஐ.எம்.ஏ. நிறுவனம், 'ஹலால் முதலீடு' என்று சொல்லி ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்களின் சேமிப்பை மூழ்கடித்ததையும் மறந்துவிட வேண்டாம். இஸ்லாமியப் பெயர் சூட்டிய கடையெல்லாம் இஸ்லாம் ஆகிவிடாது. பள்ளிவாசலின் கணக்கு ஆண்டுதோறும் தணிக்கை செய்யப்பட்டு அனைவர் முன்னும் வாசிக்கப்படட்டும்.

அமானிதம் என்பது கோலாலம்பூர்க் கட்டடத்தில் மாட்டியிருக்கும் பெயர்ப்பலகை அன்று. அண்டை வீட்டுச் சகோதரி தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அடகுக்கடைக்குப் புறப்படும் முன், அவளைத் தடுத்து நிறுத்த நம்மிடம் ஏதேனும் உண்டா என்பதே அமானிதம். அடுத்த ஜும்ஆவுக்குப் பிறகு பத்துப் பேர் உட்கார்ந்தால் போதும். இன்ஷா அல்லாஹ், தொடங்கிவிடலாம்.

வல்ல அல்லாஹ் நம் குடும்பங்களை வட்டியின் தீங்கிலிருந்து காத்தருள்வானாக! ஆமீன்.