அளவறிந்து வாங்குவோம்

பொருளை வாங்குதல் எளிது. தேர்ந்து வாங்குதல் அரிது. செல்வர் தவறித் தேர்ந்தால் ஒரு பொருள் வீணாகும். எளியோர் தவறித் தேர்ந்தால் பல மாத உழைப்பு வீணாகும். மடிக்கணினி வாங்கும்போதும் இவ்வுண்மையை மாணவர் நினைவிற்கொள்ளுதல் வேண்டும் என்பது என் கருத்து.

பின்னலாடைத் தொழிலால் வாழும் திருப்பூரில், தொழிலாளர் பலருக்குக் கூலி சனிக்கிழமைதோறும் கைக்கு வரும். எங்கள் தெருவில் அவ்வாறு வாரக் கூலி பெறும் தாய் ஒருவர் இருக்கிறார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்பவர். அவர் மகள் பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் பயில்கிறாள். அவளுடைய தாய்மாமன் 2012 ஆம் ஆண்டில் பள்ளியில் பெற்ற அரசு மடிக்கணினி பரண்மேல் கிடந்தது. அதனைக் கண்ட கடைக்காரர், "இது இனி உதவாது, புதியது வாங்குங்கள்" என்றார். அத்தாய் என்னிடம் வந்து, "ஐயா, தோட்டை அடகு வைத்து வாங்கிவிடட்டுமா?" என வினவினார்.

நான் இலக்கணம் கற்றவன். கணினி கற்றவன் அல்லன். ஆதலின், அத்துறையில் பணிபுரியும் என் பழைய மாணாக்கர் ஒருவரை அழைத்தேன். அவர் பொறியைச் சோதித்து, "அம்மா, இது பழுதாகவில்லை, சுமைதான் மிகுந்துவிட்டது" என்றார்.

அச்சுமை யாது? கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்பர். புதிய இயங்குதளங்கள் நினைவகத்தில் பேரிடம் கொள்கின்றன. இடம் போதாதபோது, கணினி செய்திகளை மெதுவாக இயங்கும் வன்தட்டுக்கு மாற்றுவதும் மீட்பதுமாக அல்லலுறும். விண்டோஸ் 11 இயங்க நினைவகம் குறைந்தது 4 கிகாபைட் வேண்டும். அப்பொறியில் இருந்ததோ 2 கிகாபைட்டே. முந்தைய விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவும் 2025 அக்டோபர் 14 ஆம் நாளோடு முடிவுற்றது.

பின்னல் துணியின் கனத்தைச் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என அளந்து, ஜி.எஸ்.எம். என்று குறிப்பது நம் ஊர் வழக்கம். குளிர்நாட்டார்க்குக் கனத்த துணி வேண்டும். நம் வெயிலுக்கு மெல்லிய துணியே தகும். கனம் மிகுந்ததனால் ஒரு துணி சிறந்ததாகிவிடுமோ? இயங்குதளமும் அத்தகையதே. லினக்ஸ் குடும்பத்தில் லுபுண்டு, பப்பி லினக்ஸ் முதலியன மெல்லிய துணி போன்றவை. மிகைபடக்கூறலைக் குற்றங்களுள் ஒன்றாக நன்னூல் வைத்தது நூலுக்கு. அது பொறிக்கும் பொருந்தும் என்பேன்.

என் மாணாக்கர் நினைவகத்தைக் கூட்டினார். வன்தட்டை நீக்கி விரைவாக இயங்கும் எஸ்.எஸ்.டி. பொருத்தினார், லுபுண்டுவை நிறுவினார். செலவு ஒரு வாரக் கூலிக்குள் அடங்கியது. இன்று அம்மாணவி அதில் பைத்தான் நிரல் எழுதுகிறாள். தமிழ்99 விசைப்பலகையில் கட்டுரையும் எழுதுகிறாள். தோடு அத்தாயின் காதில் இருக்கிறது.

இது நம் நாட்டுக்குப் புதிய செய்தியன்று. 2011 செப்டம்பர் 15 ஆம் நாள் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலேயே, விண்டோசுடன் 'பாஸ்' என்னும் லினக்ஸும் வழங்கப்பட்டது. அது மைய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. எனினும், நான் அறிந்த மாணவருள் அதனைத் திறந்து பார்த்தவர் மிகச் சிலரே.

குறைகளையும் மறைத்தல் கூடாது. ஆடை வடிவமைப்புக்கான மென்பொருள்கள் சில விண்டோசில் மட்டுமே இயங்கும். அத்தொழில் பயில்வோர்க்கு இவ்வழி பொருந்தாது. பழைய பொறியில் இணையப் பக்கங்கள் பலவற்றை ஒருங்கே திறந்தால் அது திணறும். மின்கலமும் நெடுநேரம் தாங்காது. ஆகவே, செய்யவேண்டிய பணிகளை முதலில் தாளில் எழுதுக. பிறகு லினக்ஸை ஒரு பென்டிரைவில் ஏற்றி, வன்தட்டைத் தொடாமலே இயக்கிப் பார்க்க. திரை, விசைகள், மின்கலம், இணைய இணைப்பு ஆகியவற்றைச் சோதிக்க. விலை பேசுவது இவற்றுக்குப் பின்னரே ஆகுக.

லினக்ஸில் சிக்கனத்தினும் பெரிய பயன் ஒன்று உண்டு. 1991 இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதன் கருவை எழுதி உலகுக்கு அளித்தார். எவரும் அதனைப் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். பூட்டிவைத்த ஏடுகள் பல செல்லுக்கு இரையாயின. படியெடுத்துப் பகிர்ந்த ஏடுகளே தமிழைக் காத்தன. அவ்வாறே, திறந்து காட்டும் மென்பொருளே கற்பவனை வளர்க்கும்.

மாணவர்களே! புதியது வேண்டும் என்று பெற்றோரிடம் கேட்குமுன், பரண்மேல் இருப்பதை ஒருமுறை இறக்கிப் பாருங்கள். அளவறிந்து தேர்தலும் கல்வியின் ஒரு கூறேயாகும்.