பெர்த்தா ஓட்டிய வண்டி



"காரைக் கண்டுபிடித்தவர் யார்?" என்று கேட்டால், "கார்ல் பென்ஸ்" என்று எழுதுவீர்கள். முழு மதிப்பெண் கிடைக்கும். நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். இப்போது யோசித்தால், அது பாதி விடைதான்.

ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தம் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு 1886-ல் காப்புரிமை பெற்றார். ஆனால், குதிரை இல்லாத வண்டியை நம்பி வாங்க மக்கள் தயங்கினார்கள்.

1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமலே, இரண்டு மகன்களுடன் அந்த வண்டியில் தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். சுமார் 100 கிலோமீட்டர் தூரம்! வழியில் எரிபொருள் தீர்ந்தது. மருந்துக்கடையில் வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்துக்கொண்டது, தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். பிரேக் தேய்ந்தது, செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துக்கொண்டார். மேட்டில் பிள்ளைகள் தள்ளினார்கள். ஊர் போய்ச் சேர்ந்தார்! செய்தி பரவியது. வண்டியின் மேல் நம்பிக்கை பிறந்தது. அவர் சொன்ன குறைகளைக் கேட்டு, மேடு ஏற இன்னொரு கியரும் சேர்த்தார் கணவர்.

நம் புதுக்கோட்டையிலும் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது, கேலியைப் பொருட்படுத்தாமல் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்களே, அதே துணிச்சல்தான்!

இன்று ஒரகடத்தில் தயாராகும் பாரத்பென்ஸ் லாரிகளிலும் அந்தப் பெயர் இருக்கிறது. அந்தப் பெயருக்கு மதிப்பு விளம்பரத்தால் மட்டும் வந்ததல்ல. ஒரு பெண் ஓட்டிக் காட்டியதால் வந்தது. இனிமேல் விடை எழுதும்போது, பெர்த்தாவின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள், கண்மணிகளே!