முதலாம் வகுப்பு ஜன்னலில் தெரிவது யாருடைய மலை?

"வாழ்க்கையில முதல் தடவையா ஃபர்ஸ்ட் கிளாஸ்ல போனோம்" என்று தொடங்கும் வீடியோக்கள் பெருத்துப்போன காலம் இது. ப்ளேனில் படுக்கையாக விரியும் சீட், சூடான துவாலை, வெள்ளைத் துணி போட்ட சாப்பாடு. எங்கள் லயத்தில் ப்ளேன் ஏறினவர்கள் என்றால் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போன அக்காமார்தான். அவர்களுடைய முதல் பயணத்துக்கு யாரும் ரிவியூ போடவில்லை. மலையகத்தில் முதலாம் வகுப்பு என்றால் கோச்சிதான். கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளைக்கு ஏறுகிற கோச்சியில் உள்ள அப்சர்வேஷன் பெட்டி அல்லது ஏசி பெட்டி. "உலகத்தின் மிக அழகான ரயில் பயணம்" என்று ஒருவர் சொன்னதை அடுத்தவர் சொல்ல, அவரைப் பார்த்து இன்னொருவர் சொல்ல, கடைசியில் எங்கள் ஆட்களே நம்பிவிட்ட வசனம் அது. அதோடுதான் எங்களுக்குச் சண்டை.

போகாமல் பேசுகிறோம் என்று யாரும் சொல்லக்கூடாதென்று நாங்கள் நான்கு பேர் காசு சேர்த்துப் போனோம், நானுஓயாவிலிருந்து பதுளை வரை. நல்லாத்தான் இருந்தது, அதில் பொய் சொல்ல என்ன இருக்கு? கால் நீட்ட இடம் உண்டு, யாருடைய மரக்கறி மூட்டையும் முழங்காலில் இடிக்காது. பட்டிப்பொலவில் மூடுபனி வந்தபோது நாங்களும் போனை எடுத்தோம். ஆனால் ஏறி உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, எதிர் சீட்டில் இருந்த ஒரு கனவான் முதலில் சிங்களத்திலும் பிறகு இங்கிலீஷிலும் கேட்டார்: "இது ரிசேவ்ட் பெட்டி, தெரியும்தானே?" நல்ல மனதோடுதான் கேட்டார். தப்பான பெட்டியில் ஏறிவிட்ட பிள்ளைகளுக்கு உதவி செய்கிற குரல். அந்தப் பெட்டியில் வேறு யாரிடமும் அவர் அதைக் கேட்கவில்லை.

"டிக்கெட் வாங்கினால் யாரும் போகலாம், இதில என்ன வர்க்கம், என்ன இனம்?" என்று கேட்கிற நண்பர்கள் எங்கள் கம்பஸிலேயே இருக்கிறார்கள். 1893இல் தென்னாபிரிக்காவின் பீட்டர்மரிட்ஸ்பர்க் ஸ்டேசனில் காந்தியை இறக்கிவிட்டபோது அவர் கையிலும் முதலாம் வகுப்பு டிக்கெட் இருந்தது. இப்போது யாரும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதில்லை, உண்மைதான். தள்ளுவதற்குத் தேவையே வராத மாதிரி காரியம் நடக்கிறது.

எப்படி? 2025 தொடக்கத்தில் வந்த செய்திகளை ஞாபகப்படுத்திப் பாருங்கள். எல்ல போகும் ரயிலின் ஒன்லைன் டிக்கெட்டுகள் 42 செக்கனில் தீர்ந்துபோனதாகப் பேசப்பட்டு, குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரித்து, கைதுகளும் நடந்தன. டிக்கெட்டை மொத்தமாக அள்ளிப் பல மடங்கு விலைக்கு வெளிநாட்டுப் பயணிகளிடம் விற்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. 42 செக்கனில் எங்கள் தோட்டத்தில் போனுக்கு சிக்னல்கூட வராது. கார்ட் வேணும், இங்கிலீஷ் வேணும், ஒரு மாதத்துக்கு முன்னமே எந்த நாள் லீவு என்று தெரிந்திருக்க வேணும். பிரட்டுக்குப் போனால்தான் அன்றைய சம்பளம் என்று வாழ்கிறவர்களுக்கு அடுத்த மாதப் பயணத்தைத் திட்டமிடுவதே ஒரு சொகுசு. 2024 செப்டெம்பரில் பெரிய இழுபறிக்குப் பிறகு அடிப்படை நாள் சம்பளம் 1350 ரூபாவானது. கொழும்பிலிருந்து முதலாம் வகுப்பில் ஒரு ஆள் வர அந்த ஒரு நாள் சம்பளம் பத்தாது. ஒரு வீட்டில் நான்கு பேர் என்றால் கணக்கை நீங்களே போடுங்கள்.

இன்னொரு வேடிக்கை இருக்கிறது. ஏசி பெட்டியில் ஜன்னல் திறக்காது. கதவில் தொங்கிப் படம் எடுக்கவும் வழியில்லை. அதனால் பயண வழிகாட்டிகள் இப்போது "முதலாம் வகுப்பு வேண்டாம், இரண்டாம் மூன்றாம் வகுப்பில் போங்கள், அதுதான் அசல் அனுபவம்" என்று எழுதுகிறார்கள். அசல் அனுபவமாம்! அட்டனில் ஏறி, கால் ஊன்ற இடமில்லாமல், ஒரு கையில் பையும் மறு கையில் கம்பியுமாகப் பேராதனை வரைக்கும் நிற்கிறோமே, அதற்குப் பெயர் அது. மூன்றாம் வகுப்பிலும் ரிசேவ்ட் சீட் வந்துவிட்டது. ஒடிசி மாதிரியான உல்லாசப் பயணிகள் ரயிலில் முன்பதிவு இல்லாமல் ஏறவே வழியில்லை. மேல் வகுப்பிலிருந்து ஆட்கள் அனுபவம் தேடிக் கீழே இறங்க இறங்க, கீழே இருந்தவர்கள் போய்ச் சேருவது மிதிபலகையில்தான்.

இந்தப் பாதை யாருக்காக வந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். கண்டிக்கு ரயில் வந்தது 1867இல். மாட்டு வண்டியில் இறங்கிக்கொண்டிருந்த கோப்பி மூட்டையை வேகமாகத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று தோட்டத் துரைமார் நெருக்கியதால் வந்த ரயில் அது. 1885இல் நானுஓயாவுக்கு வந்து சேர்வதற்குள் இலைநோய் கோப்பியைத் தின்று முடித்திருந்தது. தண்டவாளம் மிச்சம், தேயிலை ஏறிக்கொண்டது. பதுளையைத் தொட 1924 ஆனது. மலையைக் குடைந்து, கல் உடைத்து, சிலீப்பர் கட்டை சுமந்தவர்களில் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் ஏராளம். அவர்கள் இந்த மலைக்கு ரயிலில் வரவில்லை. மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். வழியில் விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். 200 வருசம் ஆனதை நினைத்து 2023 ஜூலை, ஆகஸ்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் ஆட்கள் மறுபடி நடந்தது ஞாபகம் இருக்கும். கப்பலையும் ரயிலையும் இணைத்து ஆட்களை நேராகக் கொண்டுவரும் வழி திறந்தது 1914இல்தான்.

அந்த வழியிலேயேதான் திருப்பியும் அனுப்பினார்கள். 1948இல் குடியுரிமை போனது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேரை இந்தியா எடுப்பது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது என்று பிரித்தார்கள், மூட்டை எண்ணுகிற மாதிரி. பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அட்டனிலும் நானுஓயாவிலும் ஏறித் தலைமன்னாருக்கு, அங்கிருந்து 'ராமானுஜம்' கப்பலில் ராமேஸ்வரத்துக்கு. ஸ்டேசனில் தங்கச்சி கோச்சிக்குள்ளே, அக்கா பிளாட்பாரத்திலே. எங்கள் பாட்டிமார் நானுஓயா ஸ்டேசனைப் பற்றிப் பேசினால் மூடுபனி அழகைப் பற்றிப் பேச மாட்டார்கள். யார் எந்த வருசம் போனது, கடைசிக் கடுதாசி எப்போது வந்தது, அதைத்தான் பேசுவார்கள். உலகத்தின் மிக அழகான பயணம் என்று எழுதுகிறவர் ஒரு தடவை அந்தப் பிளாட்பாரத்தில் ஒரு ஆச்சியிடம் பேசிவிட்டு எழுதினால் என்ன?

காட்சி விஷயத்துக்கு வருவோம், எங்களுக்கு உள்ளே கொதிப்பது அதுதான். முதலாம் வகுப்பு விற்பது சீட்டை அல்ல, பார்வையை. வட்டகொடை, தலவாக்கலை, கிரேட் வெஸ்டர்ன் என்று ஓடும்போது ஜன்னலில் தெரிகிற அந்தப் பச்சை இயற்கை கிடையாது. விட்டால் ஆளுயரத்துக்கு மேல் மரமாக வளர்ந்துவிடுகிற செடியை இடுப்பளவில் வெட்டி, கவ்வாத்துப் பண்ணி, வாரத்துக்கு ஒரு தடவை கொழுந்து எடுத்து, தலைமுறை தலைமுறையாகக் கையால் செதுக்கிய மலை அது. கைவேலை. ஆனால் படத்தில் மலை இருக்கும், செதுக்கின கை இருக்காது. இருந்தால் படங்கு கட்டி, கூடை மாட்டி, சிரித்துக்கொண்டு இருக்கும். அதே ஜன்னலில் தகரக் கூரை லயமும் தெரியும். 10க்கு 12 அடி அறையில் மூன்று தலைமுறை தூங்குகிற வீடு. அது வந்தவுடன் கெமரா கீழே இறங்கும், அருவி வந்தால் மறுபடி ஏறும். செயின்ட் கிளேயர் அருவிக்குக் கிடைக்கிற மரியாதை அதற்குப் பக்கத்து லயத்துக்குக் கிடைக்காது.

நாங்கள் போன பெட்டியிலிருந்தும் லயங்கள் தெரிந்தன. கொடியில் காய்ந்த ஸ்கூல் வெள்ளைச் சட்டைகள் தெரிந்தன. தண்டவாள ஓரத்தில் சின்னப் பிள்ளைகள் கை காட்டினார்கள். சின்ன வயதில் நாங்களும் அப்படித்தான் காட்டினோம். கண்ணாடிக்கு உள்ளே இருந்து பார்த்தால் வெளியே நிற்கிற பிள்ளைக்குச் சத்தமே இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"முன்னேறுங்கள், நீங்களும் உள்ளே வாருங்கள், பிறகென்ன?" என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் சிலர் சொல்கிற அறிவுரை. படித்து, கொழும்பில் வேலை எடுத்து, ஒரு நாள் அப்பா அம்மாவை முதலாம் வகுப்பில் கூட்டிக்கொண்டு வா. ஆசை நியாயம்தான், அதைக் கேலி பண்ண மாட்டோம். அம்மா ஒரு தடவையாவது அந்த சீட்டில் கால் நீட்டி உட்கார வேண்டும் என்று எங்களுக்கும் இருக்கிறது. ஆனால் ஒரு அம்மா உட்காருவதை முன்னேற்றம் என்று படம் பிடித்துப் போட்டுவிட்டு, அடுத்த பெட்டியில் நிற்கிற நூறு அம்மாக்களை மறப்பது என்ன கணக்கு? பிரிட்டன் 1956இல் தன் ரயிலில் மூன்றாம் வகுப்பு என்ற பெயரையே எடுத்துவிட்டது. இந்தியா எழுபதுகளில் எடுத்தது. பெயரை மாற்றினால் சீட் மெத்தையாகிவிடாது, தெரியும். இங்கே நமக்கு அந்தப் பெயரையும் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். காந்திகூட 1917இல் மூன்றாம் வகுப்புப் பயணிகளின் அவதியைப் பற்றி ஒரு சிறு நூலே எழுத வேண்டி வந்தது. அதில் உள்ள முறைப்பாடுகளைத் தேதி மாற்றி இப்போது அச்சடித்தால் எங்கள் அட்டன் ஸ்டேசனில் யாருக்கும் சந்தேகம் வராது.

முதலாம் வகுப்பை மூடச் சொல்லவில்லை. உல்லாசப் பயணி வரட்டும், டொலர் வரட்டும், நாட்டுக்குத் தேவை. அவர் டொலர் கொடுத்துப் பார்க்கிற மலையிலிருந்து அந்த மலையின் ஆட்களுக்கு என்ன வருகிறது என்றுதான் கேட்கிறோம். ஒவ்வொரு ரயிலிலும் இத்தனை சீட் இந்தப் பாதையில் வசிப்பவர்களுக்கு என்று ஒதுக்கி, அடையாள அட்டையைக் காட்டி அட்டனிலும் தலவாக்கலையிலும் நானுஓயாவிலும் கவுண்டரில் வாங்கும்படி செய்யலாம். ஒன்லைனில் விடவே கூடாது. சுற்றுலா ரயில் ஒன்று கூடினால், முன்பதிவில்லாத மூன்றாம் வகுப்புப் பெட்டியும் அந்தப் பாதையில் கூட வேண்டும். தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்ல கவுண்டருக்குப் பின்னால் ஒருவர் வேண்டும். இதில் எதற்கும் மலையைப் புதிதாகக் குடையத் தேவையில்லை, அந்த வேலையை ஏற்கெனவே முடித்துக் கொடுத்திருக்கிறோம்.

அடுத்த தவணை தொடங்குகிற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அட்டன் பிளாட்பாரத்துக்கு யாராவது வந்து பாருங்கள். கம்பஸ் பிள்ளைகள், லீவு முடிந்து கொழும்புக் கடைகளுக்குத் திரும்புகிற பொடியன்கள், கண்டி ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போகிற வயதானவர்கள் எல்லோரும் ஒரே இரண்டு பெட்டிக்கு ஓடுவார்கள். வீடியோ எடுக்க அதுவும் நல்ல வெளிச்சம் உள்ள நேரம்தான்.