பிசைந்து தந்த உணவு

சென்ற மாதம் அலுவலாகச் சென்னை சென்றிருந்தபோது, கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரேயுள்ள சிறு கடையொன்றில் அத்தோ உண்டோம். பரோட்டாவுக்கும் கலக்கிக்கும் பழகிய நமது கோவை நாவுக்கு அது புதுமைதான். நூடுல்ஸ், கோசுத் துருவல், பச்சை வெங்காயம், புளிக்கரைசல், மிளகாய்த்தூள், பூண்டு பொரித்த எண்ணெய் யாவற்றையும் இட்டு, கையாலேயே பிசைந்து, மேலே பேஜோவை நொறுக்கித் தூவுகிறார்கள். பக்கத்தில் ஆவி பறக்கும் வாழைத்தண்டுச் சாறு. பர்மாவில் மீனிட்டுக் காய்ச்சும் மொகிங்காதான் இங்கே இப்படி உருமாறியிருக்கிறது.

“இது சீன உணவுதானே?” என்று அறியாமையால் கேட்டுவிட்டோம். கடைக்காரரின் கை நின்றது.

“இல்லை ஃபாதர், எங்க அம்மா ஊர்ச் சாப்பாடு” என்றார்.

பர்மாவில் 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகள் அரசுடைமையாயின. பல்லாயிரம் தமிழ்க் குடும்பங்கள் சேர்த்த பொருளையெல்லாம் விட்டுவிட்டுக் கப்பலேறின. அவர் தாய்க்கு அப்போது வயது பன்னிரண்டாம். சுங்கத்தில் காதுத் தோட்டையும் கழற்றிக்கொண்டார்களாம். இந்தக் கைப்பக்குவத்தை மட்டும் எவராலும் கழற்ற இயலவில்லை போலும்!

மகன் ரங்கூனைக் கண்டதேயில்லை. நாம் கேட்காமலேயே இன்னொரு பிடி பேஜோவை நொறுக்கிப் போட்டார்.